கண் சிவக்காமலே நடக்கும் அழற்சி: விழித்திரையின் இரத்தக் குழாய்களுக்கு என்ன ஆகிறது?

சீனி வருத்தம் உள்ள ஒருவரிடம் "கண் காட்டினீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். திருகோணமலையில் எந்தப் பக்கம் கேட்டாலும், கிண்ணியாவாக இருக்கட்டும், சாம்பல்தீவாக இருக்கட்டும், பதில் அநேகமாக ஒன்றுதான்: "கண்ணில ஒரு கரைச்சலும் இல்லை. நோவில்லை, சிவக்கேல்லை, பேப்பர் வாசிக்கிறன்." அந்தப் பதிலில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கண்ணின் பின்புறத்தில் நடக்கும் அழற்சிக்கு நோவும் கிடையாது, சிவப்பும் கிடையாது. பேப்பர் வாசிக்க முடியாமல் போகும் நாளில், அது தொடங்கிப் பல வருடங்கள் ஆகியிருக்கலாம்.

இன்னொரு பக்கம், அழற்சியைப் பற்றி வாட்ஸ்அப்பில் வராத கதை இல்லை. முழங்கால் நோவிலிருந்து முடி கொட்டுவது வரை எல்லாவற்றுக்கும் அதுதான் காரணமாம். மஞ்சளும் இஞ்சியும் குடித்தால் எல்லாம் தீருமாம். கிருமித் தொற்றையும் அழற்சியையும் ஒன்றாக எடுத்துக்கொள்பவர்களும் நிறையப் பேர். அதனால் அழற்சி என்றால் என்ன, விழித்திரையின் இரத்தக் குழாய்களை அது எந்த வழியில் கெடுக்கிறது என்பதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். உயிரியல் படித்திருக்கத் தேவையில்லை.

மீன் முள் குத்திய விரல்

பாரை மீன் வெட்டும்போது செட்டை முள் விரலில் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் சிவக்கும், சுடும், வீங்கும், விண்விண் என்று வலிக்கும். இந்த நான்கும் சேர்ந்ததுதான் அழற்சி. இதைச் செய்வது முள் இல்லை, மீனும் இல்லை. செய்வது நம் உடம்பு.

உள்ளே நடப்பது இது. காயம்பட்ட கலங்கள் சில இரசாயனப் பொருட்களை வெளியே விடுகின்றன. அவை பக்கத்திலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்கின்றன. இரத்தம் கூடுதலாக வருவதால் சிவப்பும் சூடும். அடுத்து, குழாயின் உட்சுவரில் நெருக்கமாக ஒட்டியிருந்த கலங்கள் கொஞ்சம் விலகுகின்றன. அந்த இடுக்கு வழியாக இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது, அதுதான் வீக்கம். அதே இடுக்கு வழியாக வெண்குழியங்கள் நுழைந்து வெளியே வருகின்றன. கிருமிகளையும் சிதைந்த கலங்களையும் விழுங்கி அந்த இடத்தைச் சுத்தம் செய்வது இவற்றின் வேலை.

கவனியுங்கள், விரலில் குழாய் கசிவது ஒரு கோளாறு இல்லை. கசிந்தால்தான் உதவி போய்ச் சேரும். சில நாட்களில் வேலை முடிந்ததும் குழாய்ச் சுவர் பழையபடி இறுகும், தேங்கிய நீர் வடிந்துவிடும், விரல் பழைய விரலாகிவிடும்.

கிருமி உள்ளே வருவது தொற்று. அதற்கு உடம்பு காட்டும் எதிர்வினை அழற்சி. கிருமியே இல்லாமலும் அழற்சி வரும். கால் சுளுக்கினால் கணுக்கால் வீங்குகிறதே, அங்கே கிருமி எதுவும் இல்லை. விழித்திரையில் நாம் பார்க்கப் போவதும் பெரும்பாலும் கிருமி இல்லாத அழற்சிதான்.

விழித்திரை ஏன் விரல் போன்றதில்லை

விழித்திரை என்பது கண்ணின் பின்பக்கத்து உட்சுவரில் படிந்திருக்கும், ஒளியை உணரும் மெல்லிய படை. அரை மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லாத அந்தப் படைக்குள் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட ஒளியுணர் கலங்கள் இருக்கின்றன. எடைக்கு எடை பார்த்தால் உடம்பிலேயே மிக அதிகமாக ஒட்சிசனைச் செலவழிக்கும் திசுக்களில் அது ஒன்று. ஆகவே அதற்கு இரத்தம் ஒரு நிமிடமும் தடைப்படக் கூடாது.

ஆனால் இரத்தக் குழாய்கள் நிறைய இருந்தால் அவையே ஒளியை மறைக்கும். உள்ளே வரும் ஒளி விழித்திரையின் முன்படைகளையும் அவற்றின் குழாய்களையும் தாண்டித்தான் ஒளியுணர் கலங்களை அடைய வேண்டும். அதனால் அங்கே குழாய்கள் அளவாக, மிக நுண்ணியதாக அமைந்திருக்கின்றன. வாசிக்கவும் முகம் பார்க்கவும் ஊசியில் நூல் கோர்க்கவும் நாம் நம்பியிருக்கும் இடம் விழித்திரையின் நடுவிலுள்ள மஞ்சட்பொட்டு. அதன் நட்ட நடுவில் இரத்தக் குழாயே கிடையாது. பார்வை தெளிவாக இருப்பதற்காக அந்த இடம் அப்படி விடப்பட்டிருக்கிறது.

மிக நுண்ணிய குழாய்களுக்கு மயிர்த்துளைக் குழாய்கள் என்று பெயர். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் பங்காகப் பிரித்தால் அதில் ஐந்தாறு பங்குதான் விழித்திரையில் இவற்றின் அகலம். செங்குழியத்தின் அகலம் ஏழெட்டுப் பங்கு. ஒவ்வொரு செங்குழியமும் உடம்பை வளைத்து, ஒன்றன் பின் ஒன்றாகத்தான் அதற்குள்ளால் போகும். வெண்குழியம் அதைவிடப் பெரியது, அவ்வளவாக வளையவும் மாட்டாது. இந்த அளவுகளை நினைவில் வைத்திருங்கள். கதை முழுவதும் இதில்தான் தொங்குகிறது.

இந்தக் குழாய்களின் உட்சுவர்க் கலங்கள் உடம்பின் மற்ற இடங்களில் இருப்பதைவிட மிக இறுக்கமாக ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கின்றன. இரத்தத்தில் இருக்கும் எல்லாமும் விழித்திரைக்குள் போய்விடாதபடி தடுக்கும் இந்த ஏற்பாட்டைக் குருதி–விழித்திரைத் தடை என்பார்கள். குழாயின் வெளிப்பக்கத்தில் அதை அணைத்துப் பிடித்தபடி வேறு சில கலங்கள் உண்டு. அவற்றைத் தாங்கு கலங்கள் என்று இங்கே சொல்லிக்கொள்வோம். குழாய் பிதுங்காமல் பார்த்துக்கொள்வதும், அகலத்தைக் கூட்டிக் குறைப்பதும் அவற்றின் பொறுப்பு. உடம்பில் வேறெங்கும் இவை இவ்வளவு நெருக்கமாக இருப்பதில்லை. விழித்திரையில் ஏறக்குறைய ஓர் உட்சுவர்க் கலத்துக்கு ஒரு தாங்கு கலம் என்ற கணக்கு.

விரல் வீங்கினால் தோல் கொஞ்சம் விரிந்து இடம் கொடுக்கும். விழித்திரைக்கு அந்த வசதி இல்லை. தேங்கிய நீரை வடிக்கும் நிணநீர்க் குழாய்களும் அதற்குள் இல்லை. வலியை உணரும் நரம்பும் இல்லை. அதனால்தான் உள்ளே எவ்வளவு நடந்தாலும் நமக்கு ஒரு நோவும் தெரிவதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அழற்சி என்பது குழாயைக் கசிய வைத்து உதவி அனுப்பும் உடம்பின் வேலை. விரலுக்கு அது நல்லது. கசியவே கூடாத, வீங்க இடமில்லாத, மிக ஒடுங்கிய குழாய்களை உடைய விழித்திரைக்கு அதே வேலை கேடாக முடிகிறது.

ஒட்டிக்கொள்ளும் வெண்குழியங்கள்

இனிச் சீனி வருத்தத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இது இருக்கிறது. ஆகவே இது யாரோ ஒருவரின் கதை இல்லை.

இரத்தத்தில் குளுக்கோசு அதிகமாகவே இருந்தால் குழாயின் உட்சுவர்க் கலங்கள் அதைத் தேவைக்கு மேல் உள்ளே எடுத்துக்கொள்கின்றன. அதை எரிக்கும்போது கலத்தைக் கெடுக்கக்கூடிய கழிவுப் பொருட்கள் உண்டாகின்றன. குளுக்கோசு போய்ப் புரதங்களில் ஒட்டி அவற்றின் வடிவத்தையும் கெடுக்கிறது. உடம்புக்கு இது ஒரு காயம். முள் குத்தவில்லை, ஆனாலும் முள் குத்தினால் வெளியாகும் அதே வகை இரசாயனப் பொருட்கள் இங்கேயும் வெளியாகின்றன. அவற்றுக்குச் சைற்றோகைன்கள் என்று பெயர்: கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும் சிறிய புரதங்கள்.

செய்தி கிடைத்ததும் உட்சுவர்க் கலங்கள் தங்கள் மேற்பரப்பில் ஒட்டும் தன்மையுள்ள புரதங்களை நீட்டுகின்றன. இரத்தத்தோடு உருண்டுபோகும் வெண்குழியம் அதில் பட்டு வேகம் குறைந்து, பிறகு ஒட்டியே நின்றுவிடுகிறது. விரலில் இது சரியான முறை. நின்றால்தானே வெளியே வந்து வேலை பார்க்க முடியும். ஆனால் விழித்திரையின் மயிர்த்துளைக் குழாயில் ஒரு வெண்குழியம் நின்றால், அகலமே அவ்வளவுதான் என்பதால், குழாய் அடைபட்டுவிடும். அதற்குப் பின்னால் வரும் செங்குழியங்கள் போக வழியில்லை. நிற்கும் வெண்குழியமும் சும்மா நிற்பதில்லை. கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் பொருட்களை அங்கே விடுகிறது. கிருமி இல்லாத இடத்தில் அடி விழுவது குழாயின் சுவருக்குத்தான்.

ஆய்வுகூடத்தில் நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளில் வெண்குழியங்கள் இப்படி ஒட்டுவது மிக ஆரம்பத்திலேயே காணப்பட்டது. அந்த ஒட்டும் புரதம் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு நீரிழிவு வந்தபோது விழித்திரைக் குழாய்களின் சேதம் குறைவாகவே இருந்தது. அழற்சிக்கு இதில் கை உண்டு என்று ஆய்வாளர்கள் உறுதியாகச் சொல்ல இது ஒரு முக்கிய காரணம்.

அதே சமயம், எல்லாப் பழியையும் அழற்சிமேல் போடுவது சரியில்லை. உயர்ந்த சீனி நேரடியாகவும் குழாய்களைக் கெடுக்கிறது, உயர் இரத்த அழுத்தமும் கெடுக்கிறது. அழற்சி இவற்றோடு சேர்ந்து சேதத்தை வேகப்படுத்துகிறது.

கசிவு, பிதுக்கம், பிறகு வீக்கம்

சைற்றோகைன்கள் உட்சுவர்க் கலங்களின் பூட்டுகளையும் தளர்த்துகின்றன. குருதி–விழித்திரைத் தடை ஓட்டை விழுந்ததாகிவிடுகிறது. முதலில் நீர் கசியும். பிறகு புரதமும் கொழுப்பும் கசியும். கண் டொக்டர் கருவி வைத்துப் பார்க்கும்போது மஞ்சள் நிறத் துகள்கள்போலத் தெரிபவை இந்தக் கொழுப்புப் படிவுகள்தான்.

தாங்கு கலங்கள் சீனி வருத்தத்தில் சீக்கிரமே சாகத் தொடங்குகின்றன. பிடிப்பு விட்ட இடத்தில் குழாய் சிறு குமிழாகப் பிதுங்கும். டொக்டர் கண்ணில் முதன்முதல் காணும் அடையாளம் பெரும்பாலும் இந்தச் சிவப்புப் புள்ளிகள். அவை கசியும், சில வெடித்துச் சிறு இரத்தக் கசிவாகும். இந்தக் கட்டத்தில் பார்வை முழுதாகவே இருக்கும். பேப்பர் வாசிக்கலாம், வலை பின்னலாம், வாகனம் ஓட்டலாம்.

கசிந்த நீர் மஞ்சட்பொட்டில் தேங்கும்போதுதான் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். எழுத்துகள் மங்கும், நேர்க்கோடு வளைந்து தெரியும், கதவு நிலை கோணலாகத் தெரியும். இதற்கு மஞ்சட்பொட்டு வீக்கம் என்று பெயர். சீனி வருத்தக்காரர்கள் பார்வை இழப்பதற்குப் பெரிய காரணங்களில் இது ஒன்று. பலர் இந்த நேரத்தில் கண்ணாடிக் கடைக்குப் போய்ப் புதுக் கண்ணாடி போட்டுக்கொள்கிறார்கள். கண்ணாடியால் விழித்திரையில் தேங்கிய நீரை எடுக்க முடியாது. எனக்கு மிகவும் வேதனை தருவது இந்த இடம்தான், ஏனென்றால் வைத்தியம் செய்யக்கூடிய மாதங்கள் இப்படித்தான் கடந்து போகின்றன.

அடைப்பு வந்தால் புதுக் குழாய்கள்

அடைபட்ட குழாய்களின் கதைக்குத் திரும்புவோம். இரத்தம் போகாத பகுதியில் விழித்திரை மூச்சுத் திணறுகிறது. அது உதவி கேட்டு ஒரு புரதத்தை வெளியிடுகிறது. அதன் பெயர் வீ.ஈ.ஜீ.எஃப்.; புதிய இரத்தக் குழாய் வளரச் சொல்லும் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அதன் சொற்கேட்டு வளரும் குழாய்கள் ஒழுங்கான சுவர் இல்லாதவை. விழித்திரைக்குள் போகாமல் அதன் மேற்பரப்பில் படர்ந்து, கண்ணின் நடுவை நிரப்பியிருக்கும் பசைபோன்ற பகுதிக்குள் நீளுகின்றன. ஒருநாள் அவற்றில் ஒன்று உடைந்தால் கண்ணுக்குள் இரத்தம் கொட்டும், பார்வை ஒரே நேரத்தில் மறைந்துவிடும். அவற்றைச் சுற்றி உருவாகும் தழும்புத் திசு சுருங்கும்போது விழித்திரையை இழுத்துப் பெயர்த்தும் விடலாம்.

வீ.ஈ.ஜீ.எஃப். இன்னும் இரண்டு காரியம் செய்கிறது. இருக்கும் குழாய்களை மேலும் கசிய வைக்கிறது. உட்சுவர்க் கலங்கள் ஒட்டும் புரதங்களைக் கூடுதலாக நீட்டவும் காரணமாகிறது. அப்புறம் என்ன, மேலும் வெண்குழியங்கள் ஒட்டும், மேலும் குழாய்கள் அடைபடும், மேலும் வீ.ஈ.ஜீ.எஃப். வரும். விரலில் அழற்சி சில நாட்களில் முடிந்துவிடுகிறது. இங்கே முள் எடுக்கப்படவே இல்லை, சீனி உயர்ந்தே இருக்கிறது; அதனால் அது முடிவதில்லை.

இந்தப் பகுதியின் சாரம்: ஒட்டுதல், கசிவு, அடைப்பு. இந்த மூன்றும் ஒன்றையொன்று தூண்டுகின்றன. பார்வை மங்குவது இந்தச் சுற்றில் பிந்தி வரும் அறிகுறி.

சீனி வருத்தம் இல்லாதவர்களுக்கும் வருமா

வரும், ஆனால் வேறு மாதிரி. உடம்பின் நோயெதிர்ப்பு விழித்திரைக் குழாய்களையே நேரடியாகத் தாக்கும்போது அதை விழித்திரைக் குழாய் அழற்சி என்கிறார்கள். நோயெதிர்ப்பு தன் உடம்பையே தாக்கும் லூபஸ், பல இடங்களில் இரத்தக் குழாய்களில் அழற்சி வரும் பெசெட் நோய் போன்றவற்றோடு இது வரலாம். காசநோயோடும் சம்பந்தப்பட்டு வரலாம். தெற்காசியாவில் இளம் ஆண்களிடம் அதிகம் காணப்படும் ஒரு வகைக்கு ஈல்ஸ் நோய் என்று பெயர். ஹென்றி ஈல்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1880இல் விவரித்தது. இவற்றில் குழாயைச் சுற்றி வெள்ளை உறை போட்டதுபோல வெண்குழியங்கள் சூழ்ந்திருப்பதை டொக்டர் பார்க்க முடியும். சீனி வருத்தத்தில் வருடக்கணக்கில் மெல்ல நடப்பது இங்கே வாரக்கணக்கில் நடக்கக்கூடும். வைத்தியமும் வேறு: எந்த நோய் காரணமோ அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது எப்படி

கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, விரிந்தபின் உள்ளே பார்ப்பதுதான் அடிப்படைச் சோதனை. விரிந்த கண்ணுக்குள் வெளிச்சம் அதிகமாகப் போகும், கிட்டப் பார்வை சில மணி நேரம் மங்கும். திருகோணமலை வெயிலைச் சொல்லத் தேவையில்லை. மத்தியானத்தில் கிளினிக்கால் வெளியே வந்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நிலாவெளிக்குத் திரும்ப நினைக்காதீர்கள். கறுப்புக் கண்ணாடியோ தொப்பியோ எடுத்துக்கொண்டு, கூட ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கசிவை நேரில் காட்டும் சோதனை ஒன்று உண்டு. ஃபுளோரசீன் என்ற சாயத்தைக் கை நாளத்தில் ஊசியால் ஏற்றுவார்கள். பத்துப் பதினைந்து செக்கனில் அது கண்ணுக்குப் போய்விடும். நீல வெளிச்சத்தில் படம் எடுக்கும்போது நல்ல குழாய்கள் விளிம்பு தெளிவாக ஒளிரும். கசியும் இடத்தில் விளிம்பு கலங்கி, நிமிடத்துக்கு நிமிடம் ஒளி பரவிக்கொண்டே போகும். அடைபட்ட பகுதி இருண்டே கிடக்கும். மேலே நான் சொன்ன மூன்றில் இரண்டை, கசிவையும் அடைப்பையும், ஒரே படத்தில் பார்த்துவிடலாம். சோதனைக்குப் பிறகு சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகும், தோலும் கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும். பயப்பட வேண்டாம், அது சாயம் வெளியேறுவது. ஓ.சீ.ரீ. என்ற இன்னொரு சோதனையில் ஊசியே இல்லை. ஒளியால் விழித்திரையின் குறுக்குவெட்டைப் படம் பிடித்து, எங்கே நீர் தேங்கியிருக்கிறது என்று அளந்து சொல்லும்.

அழற்சிதான் காரணம் என்றால் அதற்கு மாத்திரை போட்டால் போதாதா

நியாயமான கேள்வி. மூட்டு வாதத்துக்காக நிறைய அஸ்பிரின் எடுத்த சீனி வருத்தக்காரர்களுக்கு விழித்திரைப் பாதிப்புக் குறைவு என்று 1960களிலேயே கவனித்தார்கள். பிறகு அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வில் நாளுக்கு 650 மில்லிகிராம் அஸ்பிரின் கொடுத்துப் பார்த்தார்கள். 1991இல் வந்த முடிவு: அந்த அளவு அஸ்பிரின் விழித்திரை நோயைத் தடுக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. ஆகவே "அழற்சிக்கு எதிரானது" என்ற பெயர் மட்டும் போதாது. மஞ்சளுக்கும் இது பொருந்தும். கறியில் போடுங்கள், நல்லது. கண்ணுக்கு வைத்தியமாக அதை நம்பி கிளினிக்கை விடாதீர்கள்.

மருந்துக் கடையில் வாங்கும் சொட்டு மருந்துகள் பெரும்பாலும் கண்ணின் முன்பக்கத்துக்கானவை. அவற்றில் ஸ்டீரொயிட் (அழற்சியை அடக்கும் மருந்து வகை) கலந்ததை டொக்டர் சொல்லாமல் தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் ஏறி இன்னொரு நோயைக் கொண்டுவந்துவிடும்.

பலன் தரும் வைத்தியங்கள் நான் விவரித்த சுற்றை ஏதாவது ஓர் இடத்தில் வெட்டுகின்றன. வீ.ஈ.ஜீ.எஃப்.ஐப் பிடித்து முடக்கும் ஊசி மருந்துகள் உண்டு: பெவசிசுமாப், ரனிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட். கண்ணில் ஊசியா என்று எல்லோரும் பதறுகிறார்கள். கண்ணை மரக்கச் செய்துவிட்டு, வெள்ளைப் பகுதி வழியாக, சில செக்கனில் போட்டு முடிக்கும் மெல்லிய ஊசி அது. ஒரு தடவையோடு பலருக்கு முடிவதில்லை, சொன்ன திகதிகளில் திரும்பப் போக வேண்டும். சிலருக்குக் கண்ணுக்குள் ஸ்டீரொயிட் கொடுப்பார்கள். அது அழற்சியையே அடக்கும், ஆனால் வெண்படலம் வரவும் அழுத்தம் ஏறவும் இடமுண்டு, எனவே கண்காணிப்பு வேண்டும். லேசர் வைத்தியம், ஒட்சிசன் இல்லாமல் தவிக்கும் ஓரப் பகுதிகளைச் சுட்டு, அங்கிருந்து வீ.ஈ.ஜீ.எஃப். வருவதைக் குறைக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது சீனியும் பிரஷரும். முதல் வகை நீரிழிவு (உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுபோகும் வகை) உள்ளவர்களிடம் நடந்து 1993இல் வெளியான ஆய்வொன்றில், சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரை நோய் புதிதாக வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. எந்த ஊசிக்கும் எந்த லேசருக்கும் இவ்வளவு முன்கூட்டியே தடுக்கும் சக்தி இல்லை. ஏற்கனவே பாதிப்பு உள்ள சிலருக்கு, சீனி வேகமாக இறங்கும் ஆரம்ப மாதங்களில் கண் கொஞ்சம் மோசமாகலாம். அதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது; அந்தக் காலத்தில் கண்ணை அடிக்கடி காட்டினால் போதும். சீனி வருத்தம் உள்ள பெண் கருத்தரித்தாலும் இதே கவனம் வேண்டும்.

எப்போது போக வேண்டும்

பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சீனி வருத்தம் என்றால், அது கண்டுபிடிக்கப்பட்ட உடனேயே ஒரு தடவை, பிறகு வருடா வருடம் கண்ணை விரித்துக் காட்ட வேண்டும். முதல் தடவையை ஏன் தள்ளிப்போடக் கூடாது என்றால், சீனி இருப்பது தெரிவதற்குப் பல வருடங்கள் முன்பே அது தொடங்கியிருக்கக்கூடும். கண்ணில் பாதிப்பு இருப்பது தெரிந்தவர்கள் டொக்டர் சொல்லும் இடைவெளியில் போக வேண்டும்.

திடீரென்று கண்முன் கறுப்புப் புள்ளிகளோ சிலந்தி நூல்போன்றவையோ கூட்டமாக மிதந்தால், பளிச் பளிச் என்று மின்னல் தெரிந்தால், ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவதுபோல இருந்தால், ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கும்போது மற்றக் கண்ணில் நடுப்பகுதி மறைந்திருந்தால், அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூதூரிலிருந்தோ ஈச்சிலம்பற்றிலிருந்தோ வருவதானால் வெள்ளனவே வெளிக்கிடுங்கள். கிளினிக் கொப்பியையும் பாவிக்கும் மருந்துகளையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்; எந்தக் கண்ணில், எத்தனை மணியிலிருந்து அப்படித் தெரிகிறது என்பதை ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோனால் டொக்டருக்கு நேரம் மிச்சமாகும்.